சிறு குழாய் கற்பித்த பாடம்

விழா மலர்க் குழுவினர் எமக்கு விடுத்த கடிதத்தில், "தங்கள் தொழில் அனுபவத்தில் மாணவர்க்குப் பயன்படத்தக்க ஒன்றைக் கட்டுரையாக வரைந்து உதவுக" எனக் கேட்டிருந்தனர். நாம் எழுத்தாளர் அல்லோம். 1980ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை கொழும்பிலே மருந்துகளைச் சோதிக்கும் இரசாயனக் கூடமொன்றிற் பணியாற்றி இளைப்பாறியவர். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளிலே நாம் செய்த நல்ல காரியங்கள் சில உண்டு; அவற்றைப் பிறர் எழுதட்டும். செய்யவிருந்து, தற்செயலாகத் தப்பிய ஒரு பிழையை இங்கே எழுதத் துணிகின்றோம். அப்பிழைக்குரிய மருந்து எமது கல்லூரி ஆய்வுகூடத்திலேயே எமக்குத் தரப்பட்டிருந்தது. அதை நாம் மறந்திருந்தோம் என்பதே இக்கதையின் சாரம்.

நாம் உயர்தர வகுப்பிற் பயின்றது 1970களின் முற்பகுதியில். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. அமிலமும் காரமும் கண்ணாடிக் கலங்களும் அருமையாகவே கிடைத்தன. எமது இரசாயன ஆசிரியர் அதற்கு ஒரு வழி கண்டார். நியமிப்புச் சோதனைக்குக் குழாயியால் 25 மில்லிலீற்றர் எடுப்பதற்குப் பதிலாக 5 மில்லிலீற்றர் எடுக்கச் சொன்னார். "ஐந்து பேர் செய்யும் இடத்தில் இருபத்தைந்து பேர் செய்யலாம்" என்பது அவர் கணக்கு. எமக்கோ பெருமகிழ்ச்சி, வேலை விரைவில் முடியுமல்லவா?

முதல் நாள் எமது விடை 5.4 என வந்தது. அருகில் நின்ற நண்பருக்கு 5.0. முன்னர் 25 மில்லிலீற்றர் எடுத்துச் செய்த காலத்தில் எம்மிருவர் விடைகளும் பெரிதும் மாறுபட்டதில்லை. கரைசலைக் குறை கூறினோம். காட்டியைக் குறை கூறினோம். ஆசிரியர் வந்து அளவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, திருகுக்குக் கீழே பார்த்தீரோ?" என்றார். பார்த்தோம். அளவியின் திருகுக்குக் கீழுள்ள மூக்கிலே ஒரு காற்றுக் குமிழி இருந்தது. திருகைத் திறந்ததும் முதல் 0.4 மில்லிலீற்றர் அந்த வெற்றிடத்தை நிரப்பவே சென்றது. குடுவைக்குள் விழாத திரவத்தை விழுந்ததாகவே நாம் எழுதியிருந்தோம். "இந்தக் குமிழி போன மாதமும் இருந்திருக்கும். இருபத்தைந்தில் அது நூற்றுக்கு ஒன்றரை வீதம், உமக்குத் தெரியவில்லை. ஐந்தில் அது எட்டு வீதம். நீர் அளவைக் குறைத்தீர், பிழையைக் குறைக்கவில்லை" என்றார் ஆசிரியர். அன்று சிரித்துவிட்டு மறந்தோம்.

இனி எமது தொழிற் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியின் அடியிலே மைத்துளி இட்டு நீரில் நிறுத்தினால், நீர் மேலேற ஏற மையிலுள்ள நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதை நம் மாணவர் கண்டிருப்பர். உருசிய தாவரவியலறிஞர் மிக்கேல் சுவெற் என்பார் 1903ஆம் ஆண்டில் வார்சோ நகரிலே இவ்வழியைப் பற்றிப் பேசினார். கண்ணாடிக் குழாயிலே சுண்ணத் தூளை அடைத்து, இலைச்சாற்றை ஊற்றிக் கரைப்பானால் கழுவி, பச்சையத்தையும் மஞ்சள் நிறப் பொருள்களையும் அவர் பிரித்துக் காட்டினார். நிறங்களைப் பிரித்ததனால் நிறப்பிரிகை எனும் பெயர் நிலைத்தது. பின்னர் மாட்டின், சிங்கு எனும் ஆங்கிலேய அறிஞர் இருவர் இதனை வளர்த்து 1952ஆம் ஆண்டின் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இன்றைய கருவியிலே கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக உருக்குக் குழாய். சுண்ணத்துக்குப் பதிலாக மிக நுண்ணிய சிலிக்கா மணிகள். மேலிருந்து ஊற்றுவதற்குப் பதிலாக உயரமுக்கத்திலே கரைப்பானைத் தள்ளும் பம்பி. பிரிந்து வரும் பொருள்களைக் கண்ணுக்குப் பதிலாக ஓர் உணர்கருவி காண்கின்றது. ஒவ்வொரு பொருளும் வெளிவரும்போது தாளிலே ஒரு முகடு எழும். எமது கூடத்திலிருந்த பிரிகுழாயின் உள்விட்டம் 4.6 மில்லிமீற்றர். அதனூடே நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் கரைப்பான் ஓடும். எட்டு மணி நேரம் வேலை செய்தால் 480 மில்லிலீற்றர். ஏறக்குறைய அரை லீற்றர். அக்கலவையில் அசற்றோநைத்திரைல் எனும் கரைப்பானே பெரும் பொருட்செலவுக்குரியது. நச்சும் தீப்பற்றும் இயல்பும் உடையதாதலின், பயன்படுத்திய பின்னர் அதனை அழிப்பதும் செலவே.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த அசற்றோநைத்திரைல் உலகெங்கும் அருகிப் போயிற்று. காரணம் வியப்புக்குரியது. அக்காலத்திலே அதனைத் தனியே பெருமளவில் உற்பத்தி செய்வோர் அரியர். செயற்கை இழைகளுக்கும் வாகனங்களின் பிளாத்திக்குப் பாகங்களுக்கும் வேண்டிய அக்கிரிலோநைத்திரைலை ஆக்கும்போது கிடைக்கும் உபபொருளாகவே அது பெரும்பாலும் வந்தது. அவ்வாண்டிலே உலகப் பொருளாதாரம் தளர்ந்து, வாகன விற்பனை வீழ்ந்தது. ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. பீக்கிங் ஒலிம்பிக் விழாவை ஒட்டிச் சீன ஆலைகள் பல நிறுத்தி வைக்கப்பட்டன. செத்தெம்பரில் ஐக் என்ற சூறாவளி அமெரிக்க நாட்டின் தெட்சாசுக் கரையைத் தாக்கி அங்கும் உற்பத்தியைக் குலைத்தது. எங்கோ ஒருவர் மோட்டார் வண்டி வாங்காமையினால் கொழும்பிலே ஒரு மாத்திரையைச் சோதிக்க முடியாத நிலை! விலை பன்மடங்காயிற்று, பணங் கொடுத்தாலும் போத்தல் வரவில்லை. 2009ஆம் ஆண்டு பிறந்தபோது எமது அலுமாரியில் எஞ்சியவை இரண்டே போத்தல்கள்.

அப்போதுதான் ஒடுங்கிய குழாயைப் பற்றி நினைத்தோம். அது புதிய எண்ணமன்று. 1970களிலேயே யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசியி என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் அரை மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய குழாய்களை அடைத்து, துளித் துளியாகக் கரைப்பானைச் செலவிட்டுப் பிரிகை செய்து காட்டியிருந்தனர். கணக்கும் எளிது. திரவம் குழாயினுள்ளே ஒரே வேகத்தில் ஓட வேண்டுமாயின், அதன் அளவு உள்விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைதல் வேண்டும். 4.6 மில்லிமீற்றர்க் குழாய்க்கு நாளொன்றுக்கு 480 மில்லிலீற்றர் ஆனால், 2.1 மில்லிமீற்றர்க் குழாய்க்கு 100; 1 மில்லிமீற்றர்க் குழாய்க்கு 23. அரை லீற்றர் எங்கே, இரண்டு மேசைக்கரண்டி எங்கே! ஆசை யாரை விட்டது? பிற கூடமொன்றிலிருந்த நண்பரிடம் 1 மில்லிமீற்றர்க் குழாயொன்றை இரவல் வாங்கி, எமது பழைய கருவியிலே பூட்டினோம். எமது பம்பி அத்துணைச் சிறிய ஓட்டத்தைச் சீராகத் தள்ள வல்லதன்று. ஆதலின் அது வழமைபோலத் தள்ள, ஒரு முச்சந்தி இணைப்பினால் இருபதிலொரு பங்கை மட்டும் பிரிகுழாய்க்கு அனுப்பி, மாதிரியைக் காணாத எஞ்சிய பங்கை மீண்டும் கரைப்பான் போத்தலுக்கே திருப்பினோம். கூடத்தார் கைதட்டாத குறை.

முதலில் எடுத்த மாதிரி அஸ்பிரின் மாத்திரை. இதய நோய்க்கென நம் பழைய மாணவர் பலர் நாள்தோறும் உட்கொள்ளும் அதே மருந்து. ஈரம் அதற்குப் பகை. ஈரலிப்பான காற்றிலே அது சிதைந்து சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் மாறும். எவ்வளவு சலிசிலிக் அமிலம் இருக்கலாம் என்பதற்கு மருந்து நூல்கள் எல்லை வகுத்துள்ளன. எம்மிடம் வந்த தொகுதி ஒரு மழைக்காலம் முழுவதும் களஞ்சியத்திலே கிடந்தது. அதனை வைத்தியசாலைகளுக்கு அனுப்பலாமா, தள்ளிவிடுவதா என்பதே வினா.

கருவி வரைந்த தாளிலே ஒரே ஒரு முகடு. சற்று அகன்று, பின்புறம் சரிந்து, வாலோடு இருந்தது, ஆயினும் ஒன்றே. அஸ்பிரினுக்குப் பின்னர் வரவேண்டிய சலிசிலிக் அமிலத்தின் முகடு எங்கும் இல்லை. "சலிசிலிக் அமிலம் காணப்படவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதினோம். இரண்டு மேசைக்கரண்டிக் கரைப்பானிலே ஒரு நாள் வேலையை முடித்த பெருமிதம், அந்த வாலைப் பற்றி எம்மைச் சிந்திக்க விடவில்லை.

அவ்வேளையில், கூடத்திற் சேர்ந்து ஓராண்டும் நிரம்பாத உதவியாளரான ஒரு பெண், மாத்திரைப் போத்தலைக் கையில் ஏந்தி வந்தார். "சேர், இதை ஒருக்கால் மணந்து பாருங்கோ" என்றார். மூடியைத் திறந்து முகர்ந்தோம். வினாகிரி மணந்தது! அசற்றிக் அமிலத்தின் மணம் அது. அஸ்பிரின் சிதையாமல் அம்மணம் வராது. அசற்றிக் அமிலம் உண்டானால், கூடவே பிறந்த சலிசிலிக் அமிலம் எங்கே போயிற்று? "பிள்ளை, பழைய குழாயைப் பூட்டும்" என்றோம். எஞ்சியிருந்த அசற்றோநைத்திரைலில் ஒரு பங்கை மனத்துணிவோடு அளந்து, 4.6 மில்லிமீற்றர்க் குழாயிலே அதே மாதிரியைச் செலுத்தினோம். அஸ்பிரினுக்குப் பின்னால், தெளிவாக, எல்லையைத் தாண்டிய உயரத்தில், சலிசிலிக் அமிலத்தின் முகடு எழுந்து நின்றது.

ஒரு சிறு பெண்ணின் மூக்கு கண்டதை எமது கருவி காணவில்லை. அந்த மணம் அவருக்கு எட்டாதிருந்தால், கெட்ட மருந்துக்கு நற்சாட்சி எழுதிய கை எமதாயிருக்கும். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. விடியற்புறத்திலே எப்படியோ பழைய ஆய்வுகூடத்து மேசையும், காற்றுக் குமிழியும், "திருகுக்குக் கீழே பார்த்தீரோ?" என்ற குரலும் நினைவுக்கு வந்தன.

மறுநாட் காலையிற் பிரிகுழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்திலே கொள்ளளவு இல்லையெனத்தக்க ஓர் இணைப்பைப் பூட்டி, மாதிரியைச் செலுத்தினோம். பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லாதபோதும் முகடு ஏறக்குறைய 8 மைக்கிரோலீற்றர் விரிந்து வந்தது. அந்த விரிவு குழாயினால் வந்ததன்று. கருவி தானாகச் சேர்த்தது. குழாய்க்கு முன்னும் பின்னும் உள்ள இணைப்புக் குழல்களிலும், மாதிரி ஏற்றும் வளையத்திலும், உணர்கருவியின் கலத்திலும் கிடக்கும் வீண் கனவளவுதான் காரணம். ஒடுங்கிய ஒழுங்கையிலே முன்னும் பின்னுமாக ஒழுங்காக வந்த இரண்டு வகுப்பு மாணவர், வாயிலைக் கடந்து விளையாட்டு மைதானத்துக்குட் புகுந்தால் என்னாகும்? பிரித்து அழைத்து வந்த ஆசிரியரின் பாடு வீணாகும். பிரிகுழாய் பிரித்ததை உணர்கலம் மீண்டும் கலந்துவிட்டது.

இவ்விரிவுகள் வர்க்கமாகக் கூடுவன. எமது கணக்கு இதுவே: 4.6 மில்லிமீற்றர்க் குழாயில் ஒரு முகட்டின் சொந்த விரிவு 48 மைக்கிரோலீற்றர். அதனோடு 8 சேர்ந்தால், பிரிக்கும் திறனில் நூற்றுக்கு 3 வீதமே நட்டம். 2.1 மில்லிமீற்றர்க் குழாயில் சொந்த விரிவு 10. அங்கே அதே 8 நூற்றுக்கு 39 வீதத்தைத் தின்னும். 1 மில்லிமீற்றர்க் குழாயிலோ சொந்த விரிவு 2.3 மட்டுமே, அங்கே 92 வீதம் போய்விடும். பிழை புதிதன்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக எமது கருவிக்குள்ளேயே குடியிருந்தது. கரைப்பானை வாரி இறைத்த காலத்தில் அந்த வெள்ளத்திலே அது மறைந்து கிடந்தது. சிக்கனம் வந்ததும் வெளிப்பட்டது.

புதிய கருவி வாங்கப் பணமில்லை. பழையதையே திருத்த முற்பட்டோம். 60 சென்றிமீற்றர் நீளமாய்த் தொங்கிய 0.25 மில்லிமீற்றர்க் குழல்கள் ஏறக்குறைய 29 மைக்கிரோலீற்றர் கொள்வன. அவற்றை அகற்றி, 0.12 மில்லிமீற்றர் உள்விட்டமுடைய குழலைச் சாண் அளவுக்கும் குறைவாக வெட்டிப் பூட்டினோம். கனவளவு 2 மைக்கிரோலீற்றர் அளவில் வந்து நின்றது. சில இணைப்புகளிற் குழலின் நுனி துவாரத்தின் அடிவரை செல்லாமல் ஒரு சிறு இடைவெளி இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பள்ளமும் ஒரு மைதானமே. ஒவ்வொன்றையும் கழற்றி, நுனியை நேராக வெட்டி, அடியில் முட்டும்வரை அழுத்தி இறுக்கினோம். 20 மைக்கிரோலீற்றர் மாதிரி வளையத்தை மாற்றிச் சிறியதொன்றை இட்டோம். உணர்கருவியின் 10 மைக்கிரோலீற்றர்க் கலத்துக்கு 2 மைக்கிரோலீற்றர்க் கலம் வந்தது. சிறிய கலத்தில் ஒளி செல்லும் வழியும் குறுகுவதால் முகடு தாழும். ஆனால் ஒடுங்கிய குழாயிலே பொருள் அதிகம் நீர்த்துப் போவதில்லையாதலின் அந்த நட்டம் பெரிதும் ஈடாயிற்று. இவையெல்லாம் முடிந்த பின்னர், கருவியின் சொந்த விரிவு 8இலிருந்து 2.5 ஆகக் குறைந்தது.

அதன் பின்னும் 1 மில்லிமீற்றர்க் குழாய் எமக்கு ஏற்றதாயில்லை. அங்கே பாதிக்கு மேற்பட்ட திறன் இன்னும் வீணாயிற்று. முச்சந்தி இணைப்பும் நம்பிக்கைக்குரியதன்று. குழாய் சிறிது அடைபட்டால் ஓட்டம் மற்றைக் கிளைக்குச் சாயும், முகடுகள் இடம் மாறும். ஆகவே 2.1 மில்லிமீற்றர்க் குழாயைத் தேர்ந்தோம். அங்கே நட்டம் 6 வீதம் மட்டுமே. நிமிடத்துக்கு 0.2 மில்லிலீற்றர் ஓட்டத்தை எமது பம்பியே நேராகத் தள்ளிற்று, முச்சந்தி வேண்டியதில்லை. கரைப்பானில் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சியது. இரண்டு மேசைக்கரண்டியைப் பற்றிய கனவு கலைந்தது. நூறு மில்லிலீற்றரோடு அமைந்தோம். இசியி அவர்களின் அரை மில்லிமீற்றர்க் குழாய்க்குப் பம்பியும் உணர்கலமும் அனைத்தும் அதற்கெனவே அளவாக ஆக்கப்பட்டன. ஓர் உறுப்பை மட்டும் சுருக்கி, மற்றையவற்றைப் பழையபடி விட்டு, அதே பயனை எதிர்பார்த்தமை எமது பேதைமை.

பின்னர் ஒரு விதியை வகுத்து, அதனைக் கூடத்தின் சுவரிலே எழுதி வைத்தோம். எப்பொருளையேனும் "காணப்படவில்லை" என்று எழுதுமுன், அறிந்த அளவு அப்பொருளை நாமே மாதிரியிற் சேர்த்து, கருவி அதனைக் காண்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று காட்டிய பின்னரே, இல்லை என்று சொல்லும் உரிமை எமக்கு உண்டு. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே மாதிரிகளில் அருகருகே நடத்தி, விடைகள் ஒத்துவரும் வரையிலே புதிய முறையால் ஒரு சான்றிதழும் எழுதவில்லை. அத்தொகுதி மாத்திரைகள் அழிக்கப்பட்டன. குறிப்பேட்டில் நாம் எழுதிய பொய்யான வரியை அழிக்கவில்லை. ஒரு கோட்டால் வெட்டி, காரணத்தை எழுதி, கையொப்பமிட்டோம். அந்த உதவியாளரின் பெயரும் அதன் கீழ் உண்டு.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டிலே அந்நியச் செலாவணி வறண்டு, எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்ட துயரமான நாட்களை வாசகர் மறந்திரார். நாம் இளைப்பாறி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மாலை தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் அதே பெண்மணி. அப்போது கூடத்தின் பொறுப்பாளர். "சேர், கரைப்பான் வருகுதில்லை. ஆனால் சிறு குழாயால் சமாளிக்கிறம். எங்களுக்கு முன்னைய செலவென்றால் மாசியிலேயே கூடத்தைப் பூட்டியிருப்பம்" என்றார். "இணைப்புகளைப் பார்த்தீரோ, பிள்ளை?" என்றோம். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்க்கிறம், சேர்" என்றார் அவர். எமது ஆசிரியரின் குரல் அத்தொலைபேசியிலே எமக்குக் கேட்டது. அவர் இன்று இல்லை. அவர் கண்டிராத கருவியொன்றைக் கொண்டு, அவர் கண்டிராத ஒரு பெண் அவர் பாடத்தைத் திங்கள்தோறும் ஒப்புவிக்கின்றார் என்று அவரிடம் சொல்லும் பேறு எமக்குக் கிட்டவில்லை.

கல்லூரியில் இன்று பயிலும் இளஞ் சகோதரர்களே, சிக்கனம் நல்லது. வறிய நாட்டுக்கு அது வேண்டுவது. வளமான நாடுகளும் இப்போது சுற்றாடலைக் கருதி அதனைப் பயில்கின்றன. ஆனால் சிக்கனம் முன்னிலும் கூடிய கவனத்தைக் கேட்கும். பெருஞ்செலவு பிழைகளை மன்னிக்கும். சிறு செலவு மன்னிக்காது. ஆதலின், எதனையும் சுருக்க எண்ணும்போது, முதலிலே பழையதன் மூலைமுடுக்கெல்லாம் ஒளித்திருக்கும் வீணைத் தேடிக் காணுங்கள். கருவி சொல்வதைக் கேளுங்கள். அதனால் சொல்ல முடியாதது எது என்றும் கேளுங்கள். உங்களிலும் இளையவர் ஒருவர் போத்தலொன்றைக் கொண்டுவந்து முகர்ந்து பார்க்கச் சொன்னால், மறுக்காது முகர்ந்து பாருங்கள்.

எமக்கு அளவியைக் கையிலே தந்து, திருகுக்குக் கீழே பார்க்கவும் பழக்கிய கல்லூரி அன்னைக்கு இவ்விழா நாளிலே எமது வணக்கம் உரியது. அவள் ஆய்வுகூட மேசைகளிலே இன்னும் எத்தனையோ குமிழிகள் இருக்கும். அவற்றைச் சுட்டிக் காட்டும் ஆசிரியர்களும் என்றும் இருப்பார்களாக.

— பழைய மாணவர் ஒருவர்